போனில் பேசியே சிகரெட்டை விட முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

சிகரெட்டை விடுவதற்குத் தொலைபேசியில் ஆலோசனை தருகிறார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டிக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகள்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் புகைப் பழக்கத்தைப் பற்றிப் பேசுவதே பல வருடங்களாக என் வேலை. கீழே வரும் உரையாடலில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மேடம், உங்கள் பத்தியைப் படித்துவிட்டு ஒரு ஹெல்ப்லைனுக்கு போன் செய்தேன். புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும் என்று பயமுறுத்துவார்கள் என்று தயாராக இருந்தேன். பேசிய பெண்மணியோ, ‘சிகரெட்டில் உங்களுக்குப் பிடித்தது என்ன?’ என்று கேட்டார்! கடைசி வரை ‘விட்டுவிடுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்குப் பெயர் ஆலோசனையா?
*– குழம்பிப்போன வாசகர்*

உங்களுக்குக் கிடைத்தவர் நல்ல ஆலோசகர். விட்டுவிடாதீர்கள்.

புகை உடம்புக்குக் கெடுதல் என்பது புகைப்பவர் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. போன் செய்கிறவர் மனதுக்குள் பெரும்பாலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ‘விட்டுத் தொலை’ என்கிறார். இன்னொருவர் ‘இப்ப வேண்டாம், பாத்துக்கலாம்’ என்கிறார். நான் முதல் ஆளோடு சேர்ந்துகொண்டு ‘விடுங்க, விடுங்க’ என்று பேசினால், நீங்கள் இரண்டாவது ஆளுக்கு வக்கீலாகிவிடுவீர்கள். ‘எங்க தாத்தா கடைசி வரைக்கும் பிடிச்சார், நல்லாத்தான் இருந்தார்’, ‘வேலையில டென்ஷன்’, ‘விட்டா வெயிட் போடும்’ என்று வரிசையாகச் சொல்வீர்கள். சொல்லச் சொல்ல அந்தப் பக்கம்தான் உங்களுக்குள் உறுதிப்படும். தன் வாயால் சொன்ன காரணத்தைத்தான் மனிதன் நம்புகிறான். அதனால் விடுவதற்கான காரணம் உங்கள் வாயிலிருந்து வரவேண்டும். அது வருவதற்கு இடம் கொடுப்பதும், வந்ததும் அதைத் தவறவிடாமல் பிடிப்பதும்தான் எங்கள் வேலை.

இந்த முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் நார்வேயில், பெர்கன் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடிநோய் சிகிச்சை நிலையத்துக்குப் போயிருந்தார். நோயாளியோடு எப்படிப் பேசுவது என்று அங்கிருந்த இளம் உளவியலாளர்களுக்கு அவர் நடித்துக் காட்டினார். அவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ‘ஏன் இதைக் கேட்டீர்கள்? ஏன் அதைக் கேட்கவில்லை?’ என்று நடுநடுவே நிறுத்திக் குடைந்தார்கள். தான் இயல்பாகச் செய்துகொண்டிருந்ததை அவர் அப்போதுதான் வார்த்தையில் விளக்க வேண்டியதாயிற்று. 1983இல் அது கட்டுரையாக வந்தது. 1991இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து புத்தகமாக எழுதினார். குடிப்பவர்களுக்காகப் பிறந்த முறை அப்புறம் புகைக்கு வந்தது, மற்ற பழக்கங்களுக்கும் போனது.

எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு அழைப்பைச் சொல்கிறேன். இரவில் கனரக வண்டி ஓட்டுபவர் அவர். எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:

“வீட்டுல சொன்னாங்கன்னு போன் பண்றேன். எனக்கு விடற ஐடியா எல்லாம் இல்ல.”

“சரிங்க. விடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறது நீங்கதான். வீட்டுல எதனால சொன்னாங்கன்னு நினைக்கறீங்க?”

“பயப்படறா. எங்கப்பா ஹார்ட் அட்டாக்ல போயிட்டார்.”

“அது உங்க மனசுலயும் ஓடிட்டு இருக்கு.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “இருக்கு மேடம். அவர் போனப்ப அவருக்கு இருந்த வயசு இப்ப எனக்கு” என்றார்.

இந்த இடத்தில்தான் நாக்கு துடிக்கும். ‘பாத்தீங்களா, அப்ப இன்னிக்கே விட்டுடுங்க!’ என்று சொல்லத் தோன்றும். எதிரில் இருப்பவரை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்ற இந்தத் துடிப்பு, உதவி செய்கிற வேலையில் இருக்கும் எல்லோருக்கும் உண்டு. அதை அடக்கத்தான் எங்களுக்குப் பயிற்சியே. நான் சொன்னது இவ்வளவுதான்: “இந்த வயசு வந்ததுலேர்ந்து அப்பா ஞாபகம் அடிக்கடி வருது.”

“ஆமா. மாடி ஏறினா மூச்சு வாங்குது. அப்ப வரும். ஆனா ராத்திரி வண்டி ஓட்டும்போது இது இல்லாம முடியாது மேடம்.”

“ராத்திரி முழிச்சிருக்க சிகரெட் துணையா இருக்கு. மூச்சு வாங்கும்போது அப்பா நினைப்பு வந்துடுது.”

அவர் சொன்ன இரண்டையும் நான் விடவில்லை, கவனித்தீர்களா? வரிசையை மட்டும் மாற்றினேன். மனிதர்கள் கடைசியாகக் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டுதான் மேலே பேசுவார்கள். அவரும் மூச்சையும் அப்பாவையும் பற்றித்தான் பேசினார், வண்டியைப் பற்றிப் பேசவில்லை. பிறகு கேட்டேன்: “0 முதல் 10 வரை ஒரு அளவு வச்சுக்கலாம். சிகரெட்டை விடறது இப்ப உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?”

“ஒரு 6 போடலாம்.”

“ஏன் 3 இல்லாம 6 சொன்னீங்க?”

‘ஏன் 10 இல்லை?’ என்று கேட்டிருந்தால் விடாமல் இருப்பதற்கான சாக்குகள் கொட்டியிருக்கும். ‘ஏன் 3 இல்லை?’ என்று கேட்டதால் அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னார். வண்டி கேபினில் ஏறினால் அவள் மூக்கைப் பொத்திக்கொள்வதைச் சொன்னார். ‘விடற ஐடியா இல்ல’ என்று ஆரம்பித்தவர், வைப்பதற்கு முன் ‘பேட்ச்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன?’ என்று கேட்டார். (சிகரெட்டுக்கு அடிமையாக்கும் நிக்கோடினைத் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் விடும் ஒட்டுதான் பேட்ச்.) அவராகக் கேட்ட பிறகு சொல்வதற்கும் நானாகத் திணிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

உங்களிடம் ‘என்ன பிடிக்கும்’ என்று கேட்டதும் இதற்காகத்தான். சிகரெட் உங்களுக்கு எதைக் கொடுக்கிறது என்று தெரியாமல், அது இல்லாத நாளை எப்படித் திட்டமிடுவது?

என் கணவர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிறார். நான் சொல்லாத நாள் இல்லை. அழுது பார்த்தேன், பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டேன், பிள்ளைகள் தலையில் சத்தியம் வாங்கினேன். ஹெல்ப்லைன் நம்பரை அவர் போனில் பதிந்தும் வைத்துவிட்டேன். எப்படி அம்மா அவரைப் பேச வைப்பது?
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

உங்கள் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம். அது எனக்குப் புரிகிறது சகோதரி. ஆனால் அவர் காதில் விழுவது கோபம் மட்டும்தான்.

மில்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அது குடிப்பவர்களைப் பற்றியது. சிகிச்சையாளர் எவ்வளவுக்கெவ்வளவு முட்டி மோதிப் பேசினாரோ, ஒரு வருடம் கழித்து அந்த நபர் அவ்வளவு அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். பயிற்சி பெற்றவர்கள் மோதினாலே இந்தக் கதி என்றால், வீட்டுச் சமையலறையில் நடக்கும் சண்டை என்ன செய்யும்?

ஒரு வாரம் சிகரெட் பேச்சையே எடுக்காமல் இருந்து பாருங்கள். எண்ணிக்கை வைக்காதீர்கள், சட்டைப் பையை முகர்ந்து பார்க்காதீர்கள். பிறகு இருவரும் நிதானமாக இருக்கும் ஒரு நேரத்தில், “உங்க சிகரெட் விஷயத்தைப் பத்தி ஒண்ணு கேக்கலாமா?” என்று முதலில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சரி என்றால், “இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?” என்று மட்டும் கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கே வராதீர்கள். ‘விடணும்னுதான் இருக்கு, முடியல’ என்று சொன்னால், ‘முடியலங்கறது சாக்கு’ என்று வாயெடுத்துவிடாதீர்கள். ‘முயற்சி பண்ணியிருக்கீங்க, கஷ்டமா இருந்திருக்கு’ என்று சொன்னால் போதும். இத்தனை வருடச் சண்டையில் அவர் உங்களிடம் சொல்லாத ஏதோ ஒன்று அப்போது வெளியே வரும்.

சத்தியம் வாங்குவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது மீறப்படும்போது அவர் விடுவது சிகரெட்டை அல்ல, உங்களிடம் உண்மை பேசுவதை.

இன்னொன்று, அவருக்குப் பதிலாக நீங்களே போன் செய்யலாம். குடும்பத்தினரோடும் பேசும் ஹெல்ப்லைன்கள் நிறைய உண்டு. அவர் விடத் தொடங்கும் நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் வரும். முதல் சில நாட்கள் மிகவும் கடுமையாக இருக்கும், பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் தணிந்துவிடும். அந்த நாட்களில் வீட்டில் பெரிய விவாதம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, நான் ஹெல்ப்லைனில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முகமே தெரியாமல் எதிராளி என்ன நினைக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவில் அமைதியானால் கை நடுங்குகிறது. படிவத்தில் நிரப்ப வேண்டிய கேள்விகளும் வரிசை கட்டி நிற்கின்றன.
*– ஒரு இளம் ஆலோசகர்*

தங்கையே, முகம் தெரியாதது குறை மட்டுமில்லை. பலர் முகம் தெரியாததால்தான் உண்மையைச் சொல்கிறார்கள். வீட்டில் மறைத்து வைத்திருக்கும் சிகரெட் கணக்கை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

காதால் பார்க்கப் பழகு. பேச்சின் வேகம் எங்கே குறைகிறது, குரல் எங்கே தாழ்கிறது, எந்தக் கேள்விக்குப் பிறகு பெருமூச்சு வருகிறது, இதையெல்லாம் கவனி. பேச்சு நடக்கும்போதே லைட்டர் சத்தம் கேட்கலாம். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதே, “இப்பப் பத்த வைக்கணும்னு தோணுச்சு. அதுக்கு முன்னாடி என்ன பேசிட்டு இருந்தோம்?” என்று கேள். எந்த உணர்ச்சி அவர் கையை சிகரெட்டுக்குக் கொண்டுபோகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அழைப்பின் தொடக்கத்தில், ‘இப்ப பேச வசதியா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?’ என்று கேட்க மறக்காதே. பக்கத்தில் முதலாளியோ மாமியாரோ இருந்தால் வெறும் ‘ம்’, ‘ஆமா’ மட்டும்தான் வரும். நீயோ அவருக்கு ஆர்வமில்லை என்று நினைத்துக்கொள்வாய்.

அமைதியைப் பற்றி. நேரில் என்றால் தலையசைத்து ‘கேட்கிறேன்’ என்று காட்டலாம். போனில் அது முடியாது. நான்கைந்து விநாடி அமைதிகூட லைன் கட்டாகிவிட்டதோ என்ற சந்தேகத்தைத் தரும். ‘யோசிங்க, நான் லைன்லதான் இருக்கேன்’ என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். கீபோர்டையும் தட்டாதே. தன் அப்பாவின் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர் காதில் டக் டக் என்று தட்டச்சு விழுவதைவிடக் கொடுமை வேறில்லை.

படிவம் விஷயத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வயதில் தொடங்கினீர்கள், முன்பு விட்டதுண்டா என்று அடுக்கிக்கொண்டே போனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே அவர் பதில் சொல்லும் ஆளாகவும் நீ விசாரணை அதிகாரியாகவும் ஆகிவிடுவீர்கள். முதலில் அவரைப் பேச விடு. பாதிக் கட்டங்கள் தானாக நிரம்பிவிடும், மீதியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு கேள்வி கேட்டால், அவர் சொன்னதைப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்வது குறைந்தது இரண்டு முறை இருக்க வேண்டும் என்பது இந்த முறையில் பயிற்சி பெறுகிறவர்களுக்கு வைக்கும் இலக்கு. உன் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டு எண்ணிப் பார்.

என்ன வார்த்தைக்குக் காது கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘விட்டா நல்லாருக்கும்’ என்பது ஆசை. ‘ஒருதடவை ஒரு மாசம் இருந்தேன்’ என்பது தன்னால் முடியும் என்ற நினைப்பு. ‘கொழந்தைக்கு மூச்சுத் தொந்தரவு’ என்பது காரணம். ‘திங்கட்கிழமையிலேர்ந்து விடறேன்’ என்பது உறுதி. ‘நேத்து ஆஷ்ட்ரேயைத் தூக்கிப் போட்டேன்’ என்றால் அவர் நடக்கவே தொடங்கிவிட்டார். இதில் எது காதில் விழுந்தாலும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதே. ‘அதைக் கொஞ்சம் சொல்லுங்க’ என்று அங்கேயே நில்.

தகவல் சொல்ல வேண்டிய இடம் கட்டாயம் வரும். அப்போது முதலில் கேள், பிறகு சொல், மறுபடி கேள். ‘நிக்கோடின் மருந்துகளைப் பத்தி என்ன தெரிஞ்சு வச்சிருக்கீங்க? நான் கொஞ்சம் சொல்லட்டுமா?’ சொன்ன பிறகு, ‘இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?’ அவ்வளவுதான்.

நான் மருத்துவர். இந்த முறையால் உண்மையிலேயே பலன் உண்டா, அல்லது கேட்பதற்கு இனிமையாக இருப்பதோடு சரியா?

நியாயமான கேள்வி டாக்டர். ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2019இல் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டது. தொலைபேசி ஆலோசனை பற்றியது நல்ல செய்தி. ஹெல்ப்லைனுக்குத் தாங்களாக அழைத்தவர்களை ஆலோசகர் திரும்பத் திரும்ப அழைத்துப் பேசினால், புகையை விடுபவர்கள் 100க்கு சுமார் 7 பேரிலிருந்து சுமார் 10 பேராகக் கூடுகிறார்கள். சின்ன எண் போலத் தெரியும். லட்சம் பேர் அழைக்கும் சேவையில் அது 3,000 பேர்.

மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் பற்றிய தொகுப்பு அவ்வளவு தெளிவாக இல்லை. சிகரெட்டை விட இது உதவுகிறதா இல்லையா என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றுதான் அது முடிக்கிறது. இந்த முறையை நேசிக்கிற நானே இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

என் அனுபவத்தில் நான் எடுத்துக்கொள்வது இது. ‘நாளைக்கு விடப் போறேன், என்ன செய்யணும்?’ என்று கேட்பவரிடம் மனதைத் தோண்டிக்கொண்டிருப்பது அவர் நேரத்தை வீணடிப்பது. அவருக்கு வேண்டியது தேதி, திட்டம், மருந்து. தயங்குகிறவருக்கு, யாரோ சொல்லி போன் செய்தவருக்கு, பலமுறை தோற்று வெட்கத்தோடு வருகிறவருக்குத்தான் இந்த முறை. அதுவும் அவர் போனை வைக்காமல் இருப்பதற்கும், அடுத்த அழைப்பை எடுப்பதற்கும். முடிவெடுத்தவுடன் நிக்கோடின் பேட்ச், சூயிங்கம், வேரனிக்ளின் போன்ற மருந்துகளும் பேச்சோடு சேர வேண்டும். பேச்சும் மருந்தும் சேரும்போது வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பகுதி உங்கள் கையில் இருக்கிறது டாக்டர்.

பலமுறை விட்டுவிட்டு மறுபடி தொடங்கிவிட்டேன். மறுபடி போன் செய்ய வெட்கமாக இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் சிகரெட் வேண்டும்.
*– ஒரு வாசகர்*

வெட்கப்படாதீர்கள். விட்டவர்களில் பெரும்பாலானோர் ஒரே முயற்சியில் விட்டவர்கள் அல்லர். நீங்கள் மறுபடி அழைத்தால் நான் முதலில் கேட்பது, ‘போன தடவை அத்தனை நாள் எப்படித் தாக்குப் பிடிச்சீங்க?’ என்பதுதான். ஏன் தொடங்கினீர்கள் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் உடம்பு நிக்கோடினை வலுவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது மன உறுதிக் குறைவு இல்லை. நிக்கோடின் ரத்தத்தில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரவு முழுக்கத் தூங்கி எழும்போது உடம்பு காலியாக இருக்கிறது, அதனால்தான் அந்தத் தவிப்பு. பேட்ச்சோடு நிக்கோடின் சூயிங்கமோ, வாயில் வைத்துக் கரைக்கும் லாசெஞ்ச் மாத்திரையோ சேர்த்துக்கொள்வது பற்றி மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். நிக்கோடின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரமாக உணரும் வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். தொடர்ந்து மென்றால் விழுங்கிவிடுவீர்கள், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். ‘அது எனக்கு ஒத்துக்கல’ என்று சொல்பவர்களில் பலர் மென்ற விதம் இதுதான்.

மறுபடி தொடங்குவது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நடக்கிறது. கலிபோர்னியாவில் 1992இல் தொடங்கிய ஹெல்ப்லைன் இதை உணர்ந்து, விட்ட நாளிலிருந்து 1, 3, 7, 14, 30ஆம் நாட்கள் என்று முன்பக்கம் நெருக்கமாக அழைப்புகளை அமைத்தது. உங்கள் ஆலோசகரிடமும் அப்படிக் கேட்டுப் பெறுங்கள். ‘மாசம் ஒருதடவை கூப்பிடறோம்’ என்றால் உங்களுக்கு அது போதாது.

நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் அன்றே போன் செய்யுங்கள். முழுப் பாக்கெட் ஆன பிறகு அல்ல.

எனக்கு 68 வயது. ஆஸ்துமாவுக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன், காபி நிறையக் குடிப்பேன். இந்த வயதில் விட்டு என்ன பயன்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர்*

பயன் உண்டு ஐயா. விட்ட ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு புகைக்காதவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு வருடத்தில், புகையால் கூடியிருந்த இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. இதற்கு வயது வரம்பு இல்லை.

நீங்கள் காபியையும் மாத்திரையையும் குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள், கல்லீரல் காபியிலுள்ள கஃபீனை வேகமாகக் கரைக்கும்படி தூண்டிவிடுகின்றன. இதைச் செய்வது நிக்கோடின் அல்ல, புகை. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைகிறது. அதே அளவு காபி இப்போது உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும், அதை ‘சிகரெட் இல்லாத தவிப்பு’ என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பவர்கள் உண்டு. விடும் நாளிலிருந்தே காபியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலினும், மனநலத்துக்குத் தரும் க்ளோசபின், ஓலான்சபின் போன்ற மருந்துகளும் இதே மாதிரிதான். புகையை விட்டால் ரத்தத்தில் அவற்றின் அளவு கூடும், மருத்துவர் டோஸை மாற்ற வேண்டியிருக்கலாம். உங்கள் மாத்திரைகளில் இவை உண்டா என்று சீட்டைப் பாருங்கள். விடும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஹெல்ப்லைனுக்கு அழைக்கும்போதும் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.